எட்டு மணி மாத்திரை

மார்ச் 4

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தைப் பிரிப்பீர்களா, பிரிக்காமலே அடுப்பில் போடுவீர்களா, தெரியவில்லை. என் போனை நீங்கள் எடுப்பதில்லை. அண்ணனை நீங்கள் ஊருக்குக் கூட்டிப்போன பிறகு முதல் நான்கு நாள் மணியாவது அடித்தது, அப்புறம் அதுவும் இல்லை. போன வாரம் டிப்போவில் ஒரு கண்டக்டரின் போனை வாங்கி அடித்துப் பார்த்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்து "யாரு?" என்றீர்கள். நான்தான் வைத்துவிட்டேன். ஆக, உங்கள் போனுக்கு ஒரு குறையும் இல்லை. என்னோடு பேசமாட்டேன் என்றுதானே சொன்னீர்கள், எழுதாதே என்று சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

அண்ணன் எப்படி இருக்கிறான்? எழுந்து உட்காருகிறானா? பேச்சு வந்துவிட்டதா? இதற்கு மட்டும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். மற்றதையெல்லாம் அப்புறம் திட்டிக்கொள்ளலாம்.

அவன் சாமான்களைத் தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு வேலைச் சட்டை, படிக்கிற கண்ணாடி, செருப்பு, ஸ்பேனர் பை. லிப்ட் கம்பெனிக்காரர்கள் பையைத் திருப்பிக் கேட்டார்கள். அது அவனுடைய சொந்தப் பை, கம்பெனிப் பை ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது என்று சண்டை போட்டு வாங்கி வைத்தேன். இனி அவன் லிப்டுக்கு மேலே ஏறப்போவதில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் பை அவனிடம் இருக்கட்டும்.

ஐந்து வருடமாகத் திங்கள் முதல் வெள்ளி வரை அவன் இங்கேதான் இருந்தான். வேலை இந்த ஊரில், நீங்கள் அந்த ஊரில், நடுவில் மூன்றரை மணி நேர பஸ். வாரத்தில் ஐந்து நாள் தங்கை வீடு, இரண்டு நாள் தன் வீடு. இப்போது எனக்கு ஏழு நாளும் ஒரே மாதிரி இருக்கிறது. டிப்போவில் டைம்கீப்பர் கூண்டில் இருக்கும்வரை தெரிவதில்லை. பஸ் வர வர நேரம் போட்டுக்கொண்டே இருந்தால் பொழுது போய்விடுகிறது. வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிய பிறகு, காலையில் கதவைத் திறக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை என்பது மறுநாள்தான் உறைக்கிறது. நேற்று பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் வருகிறதா என்று கேட்டார். "வருது" என்று சொல்ல எனக்குத் தொண்டையைச் செருமவேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் சொன்னதற்கு நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. "ஒரு மாத்திரை. அதக்கூட உன்னால குடுக்க முடியலையா?" என்றீர்கள். நர்ஸ், டிரைவர், ஸ்ட்ரெச்சர் தள்ள வந்தவர் எல்லோரும் நின்று பார்த்தார்கள். நான் அவன் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அண்ணி, நான் கொடுத்தேன். சத்தியமாகக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

சின்னவள்


மார்ச் 13

பார்சல் வந்தது. கண்ணாடியில் ஒரு கால் உடைந்திருக்கிறது. கட்டும்போது பார்த்துக் கட்டியிருக்கலாம்.

என் புருஷனை நீ 'அவன், இவன்' என்று எனக்கு எழுதவேண்டாம்.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். உட்காருகிறார். வலது கை தூக்க வரவில்லை. வலது கால் இழுக்கிறது. தையல் அறையில்தான் கட்டில் போட்டிருக்கிறேன், மெஷினில் இருந்துகொண்டே பார்த்துக்கொள்ளலாம் என்று. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. பேச்சு வரவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான். "ஆச்சு." பசிக்கிறதா என்றால் ஆச்சு. வலிக்கிறதா என்றால் ஆச்சு. ஜன்னலைச் சாத்தவா என்றால் அதற்கும் ஆச்சு. வேறு ஏதோ சொல்லத்தான் பார்க்கிறார், வாய்க்கு வருவது அதுதான். டாக்டர் இப்படிச் சிலருக்கு ஒரு சொல் மட்டும் மிஞ்சும் என்கிறார். போகப் போக வரலாம், வராமலும் இருக்கலாமாம்.

போன வாரம் தொண்டை வழியாகக் குழாய் விட்டு இதயத்தை ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தில் ஒட்டியிருக்கிற அந்தச் சின்னப் பைக்குள் இன்னும் ஒரு ரத்தக் கட்டி இருக்கிறதாம். மாத்திரை ஒரு நாளும் தவறாமல் போட்டால் கரையும். தவறினால் அதுவும் கிளம்பி மேலே மூளைக்குப் போகும். இரண்டாவது முறை வந்தால் தாங்கமாட்டார் என்று என்னிடமே சொன்னார்கள். மே மாதம் திரும்பப் பார்ப்பார்களாம்.

நீ கொடுத்தேன் என்கிறாய். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது ரத்தம் உறைவதைக் காட்டுகிற எண், இரண்டுக்கு மேல் இருக்கவேண்டியது, ஒன்று புள்ளி நாலு. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறவர் ரத்தம் இல்லை இது என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நடந்தது செவ்வாய்க்கிழமை, உன் வீட்டில். நான் வேறு யாரைக் கேட்பது?

ஒரு விஷயத்தை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நின்றாய். நான் உள்ளேதான் இருந்தேன். இனி அப்படி வராதே.


மார்ச் 18

அண்ணிக்கு,

உள்ளே இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் கதவைத் தட்டியதும் நின்றது.

உங்களுக்கு அவர். எனக்கு நாற்பத்திரண்டு வருடமாக அவன். இப்போது போய் மாற்றினால் அவனுக்கே யாரைச் சொல்கிறேன் என்று புரியாது.

ஒன்று புள்ளி நாலு என்று எழுதியிருக்கிறீர்கள். இதோடு ஒரு கட்டுத் தாள் வைத்திருக்கிறேன், பாருங்கள். பழைய ட்ரிப் ஷீட், பின்பக்கம் வெள்ளை. போன வருடம் பிப்ரவரியில் கம்பெனி மெடிக்கலில் அவன் நாடித் துடிப்பு ஒழுங்காக இல்லை என்று கண்டுபிடித்து மாத்திரை ஆரம்பித்த நாளிலிருந்து போட்டு வைத்திருக்கிறேன். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். இரவு எட்டு மணி. வாரத்துக்கு நான்கு டிக். ஒரு நாள் எங்கேயோ லிப்டில் ஆள் மாட்டிக்கொண்டு வர நேரமாகிவிட்டது, அன்றைக்கு 8.40 என்று போட்டிருப்பேன். ஐந்து நிமிடம் பிந்தி வந்த டிரைவரையே விடாதவள் நான். என் அண்ணன் விஷயத்தில் விட்டுவிடுவேனா?

மாத்திரை ஆரம்பித்த அன்றைக்கு டாக்டர் எங்களை உட்கார வைத்து மருந்துச் சீட்டின் பின்னால் படம் போட்டுக் காட்டினார். அந்தச் சீட்டு இன்னும் என் கடிகாரத்துக்குப் பின்னால்தான் செருகியிருக்கிறது. இதயத்தின் மேலறை சுருங்கி விரிந்து ரத்தத்தைக் கீழே தள்ளவேண்டும். இவனுக்கு அது சுருங்காமல் சும்மா நடுங்குகிறது. இடது மேலறையில் காது மடல் மாதிரி ஒரு சின்னப் பை தொங்குகிறது. அறை சரியாகச் சுருங்காததால் அந்தப் பைக்குள் போன ரத்தம் திரும்பி வராமல் அங்கேயே தேங்கும். தேங்கினால் உறையும். உறைந்த கட்டி ஒரு நாள் பிய்த்துக்கொண்டு கிளம்பினால் நேரே மூளைக்குப் போகிற குழாயில் போய் அடைக்கும். உறையாமல் இருக்கத்தான் மாத்திரை. அண்ணன் கேட்டுவிட்டு, "லிப்ட் நடுவுல நின்னா நான் போவேன், இதுக்கு மாத்திரை போகுதாக்கும்" என்றான். டாக்டர் சிரித்தார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். மாத்திரை போட்டாலும் நிறுத்தினாலும் ரத்தத்தில் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும் என்றார். அண்ணி, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை காலையில் எண் விழுந்திருக்கிறது என்றால், விட்டது எப்போது? என் நான்கு நாள் இதோ தாளில் இருக்கிறது. வெள்ளி, சனி, ஞாயிறு உங்களுடையது. உங்கள் தாளைக் காட்டுங்கள்.

மாதா மாதம் வியாழக்கிழமை நான்தான் லீவு சொல்லிவிட்டு அவனை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். ஒரு முறைகூட இரண்டுக்குக் கீழே வந்ததில்லை. என் கையில் இருந்தபோது சரியாகத்தான் இருந்தது. நீங்கள் பதினைந்து பள்ளிக்கூடத்துக்கு யூனிபார்ம் தைக்கிறீர்கள், வேலை மும்முரத்தில் மறந்திருப்பீர்கள். மறந்தேன் என்று சொல்லிவிட்டால் நானும் விட்டுவிடுவேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால் நீங்கள் தைத்துக்கொடுத்த யூனிபார்ம் சட்டையை நான் வேறு தையல்காரரிடம் கொடுத்துக் கையைச் சரிசெய்தேன் என்று அன்றைக்குப் பேச்சை நிறுத்தினீர்கள். கை இறுக்கமாக இருந்தது, அண்ணி. உங்களிடம் சொல்லப் பயந்துதான் வேறு இடத்தில் கொடுத்தேன். அதைச் சொல்ல இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

சின்னவள்


ஏப்ரல் 9

சின்னவளுக்கு,

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, ஆர்டர் குவிந்து கிடக்கிறது. அதனால் எழுத முடியவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது உண்மை இல்லை.

உன் தாள்களை வெட்டுமேசையில் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். பிப்ரவரியில் ஆரம்பித்து ஜனவரி வரை. திங்கள், செவ்வாய், புதன், வியாழன். நீ கொடுத்திருக்கிறாய். அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உன் தாளில் வெள்ளிக்கும் ஞாயிற்றுக்கும் கட்டமே இல்லையே.

ஞாயிறு அவர் இங்கிருந்து நாலே முக்கால் பஸ்ஸில் ஏறுவார். எட்டேகாலுக்கு உன் வீட்டில் இருப்பார். வந்ததும் நீ கொடுத்துவிடுவாய் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கொடுத்தாயா இல்லையா? இதற்கு மட்டும் பதில் எழுது. வேறு எதுவும் எழுதவேண்டாம்.


ஏப்ரல் 13

அண்ணி,

நான் கொடுக்கவில்லை.

கதவைத் திறந்து பையை வாங்கும்போதே கேட்பேன், "மாத்திரை?" என்று. "ஆச்சு" என்பான். நீங்கள் கிளம்பும்போதே ஒன்று கொடுத்து, தண்ணீர் பாட்டிலும் வைத்து அனுப்பியிருப்பீர்கள், எட்டு மணிக்கு பஸ்ஸிலேயே போட்டிருப்பான் என்று நினைத்துக்கொள்வேன். நீங்கள் எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். மனதுக்குள் அதை எப்போதும் ஒப்புக்கொண்டிருக்கிறேன், வாயால்தான் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை? ஆறு பத்து பஸ்ஸுக்கு நான்தான் நேரம் போடுவேன். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து கூண்டுக்குள் இருக்கிற எனக்குக் கை காட்டுவான். நான் கையில் மாத்திரை கொடுத்தனுப்பியதில்லை, அண்ணி. என் வீட்டு மாத்திரை என் வீட்டில், உங்கள் வீட்டு மாத்திரை உங்கள் வீட்டில் என்றுதானே இருந்தோம். நான் வாங்கியதை உங்கள் வீட்டுக்கு அனுப்பினால் ஏதாவது சொல்வீர்கள் என்று நினைத்தேன். ஒன்பதே முக்காலுக்குள் வீட்டுக்குப் போய்விடுவான், போனதும் கொடுத்துவிடுவீர்கள் என்று இருந்தேன்.

கொடுத்தீர்கள்தானே? வெள்ளிக்கிழமை கொடுத்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள்.


ஏப்ரல் 29

சின்னவளுக்கு,

பதில் தெரிந்துதான் கேட்டிருக்கிறாய். தெரிந்ததை என் கையால் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது.

பட்டன் டப்பாவில் காலி மாத்திரை அட்டைகளைப் போட்டு வைத்திருந்தேன். நான் எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை, உனக்குத் தெரியும். எடுத்துப் பார்த்தேன். அட்டைக்குப் பத்து. ஜனவரி வரைக்கும் நாலு அட்டை காலி, ஐந்தாவதில் இரண்டு மிச்சம். ஆக நாற்பத்தெட்டு மாத்திரை. நாற்பத்தேழு சனிக்கிழமைக்கு நாற்பத்தேழு. மீதி ஒன்று, ஒரே ஒரு வெள்ளிக்கிழமைக்கு.

அந்த வெள்ளிக்கிழமையை உனக்குச் சொல்லவேண்டும். மாத்திரை ஆரம்பித்த முதல் வாரம். வந்து செருப்பைக் கழற்றினார். மாத்திரை போட்டீர்களா என்று கேட்டேன். "இல்ல, இன்னும் போடல" என்றார். நான் பிடித்துக்கொண்டேன். "உங்க தங்கச்சிக்கு ஊர்ல ஓடுற பஸ்ஸுக்கெல்லாம் நேரம் பாக்கத் தெரியும், கூடப் பொறந்தவனுக்கு எட்டு மணி தெரியாதா" என்று ஆரம்பித்தேன். அதோடு விட்டேனா? உன் யூனிபார்ம் சட்டைக் கை விஷயத்தை இழுத்தேன், பழைய கதையெல்லாம் இழுத்தேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டே மாத்திரையை விழுங்கிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளி கேட்டேன். "ஆச்சு" என்றார். எனக்குத் திருப்தியாக இருந்தது. அவளுக்கு உறைத்துவிட்டது, ஒழுங்காகக் கொடுத்தனுப்புகிறாள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் ஆச்சுதான். நீ கொடுக்கவில்லை என்று என்னிடம் சொன்னால் நான் உன்னைத் திட்டுவேன். அதைக் கேட்கிற தெம்பு அவருக்கு இல்லை. உன்னைக் காப்பாற்றத்தான் சொல்லியிருக்கிறார். உன்னிடம் சொன்னது என்னைக் காப்பாற்றவாக இருக்கும். என்னைப் பற்றி நீ அவரிடம் என்ன சொன்னாய் என்று நான் கேட்கப்போவதில்லை.

டாக்டரிடம் போய் இதை அப்படியே சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார். வெள்ளியும் ஞாயிறும் விட்டால் திங்கள் செவ்வாயில் ரத்தம் பழையபடி உறைய ஆரம்பித்துவிடும், அப்புறம் நாலு நாள் தொடர்ந்து போடுவதால் வியாழக்கிழமை ஓரளவு சரியாகிவிடும் என்றார். வியாழக்கிழமையே பரிசோதனை செய்ததால்தான் தெரியாமல் போனது. வேறு நாளில் ஒரு முறை பார்த்திருந்தால் பிடித்திருக்கலாமாம். உன் மேல் தப்பு சொல்லவில்லை. வியாழக்கிழமைதான் லேபில் கூட்டம் இருக்காது என்று உன் அண்ணன் முன்பே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

வாரா வாரம் அந்தப் பையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்கியிருக்கிறது. இரண்டு வீட்டிலும் நாம் ஆளுக்கொரு பக்கம் மாத்திரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

ஒரே ஒரு போன் போதும். வெள்ளிக்கிழமை நீ கொடுத்தாயா, நான் கொடுக்கவா என்று ஒரு வார்த்தை. அரை நிமிடம் ஆகியிருக்காது. எட்டு வருடமாக உன் நம்பர் என் போனில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் எல்லோர் எதிரிலும் உன்னைக் கேட்டேன். இதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நேற்று ஒரு சட்டையை மூன்று முறை பிரித்துத் தைத்தேன். அவர் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பேச ஆள் இல்லாமல் நான் அவரிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன், எல்லாவற்றுக்கும் ஆச்சு ஆச்சு என்கிறார். இந்த வீட்டில் இப்போது இரண்டு பேர் இருக்கிறோம். தனியாக இருந்தபோதுகூட எனக்கு இப்படி இருந்ததில்லை.

அண்ணி


மே 5, ஞாயிறு

அண்ணி,

நீங்கள் கேட்கப்போவதில்லை என்றீர்கள். நானே சொல்லத்தான் பார்க்கிறேன், ஆனால் நினைவில்லை.

என் தாளின் முதல் பக்கத்தைத்தான் உங்களுக்கு அனுப்பாமல் வைத்திருந்தேன், கிழிந்திருந்தது என்று. அதை எடுத்துப் பார்த்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை, கட்டத்துக்கு வெளியே ஓரத்தில் ஒரு டிக். மணி 8.20. அன்றைக்கு அவன் "இல்ல, போடல" என்று சொல்லியிருக்கிறான், நான் கொடுத்திருக்கிறேன். அப்போது உங்களைப் பற்றி நான் என்ன சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஏதாவது சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டு நானே சிரித்துமிருப்பேன். என் வாய் எனக்குத் தெரியாதா? எனக்கு ஞாபகம்கூட இல்லாத ஒன்றுக்காக அவன் வருடம் முழுக்க என்னிடம் பொய் சொல்லியிருக்கிறான்.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவன் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். கட்ட வரவில்லை. வலது கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் அடுப்படியில் இருந்து, "விளையாடாத, நேரமாகுது" என்றேன். பதில் வரவில்லை. கோபித்துக்கொண்டான் என்று நினைத்து நானும் பேசாமல் இருந்தேன். என் டப்பாவைக் கட்டினேன், தலை வாரினேன். வந்து பார்த்தால் வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. ஏழு பத்துக்கு நான் அதட்டியது. ஆம்புலன்சுக்கு அடித்தது ஏழு இருபத்திரண்டு. நேரம் பார்த்தே பழகிவிட்டது, அந்த நிமிடத்திலும் கடிகாரத்தைத்தான் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு நிமிடம், அண்ணி. அதையும் உங்கள் பட்டன் டப்பாவில் போட்டு வையுங்கள்.

இன்றைக்கு ஞாயிறு. எட்டேகாலுக்குப் போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். எதற்கு என்று கேட்காதீர்கள். எதிர் வீட்டு அம்மா, "யாராச்சும் வராங்களா?" என்று கேட்டார். இல்லை, காத்துக்காக என்றேன். இங்கே என்னிடம் பாதி அட்டை மாத்திரை இருக்கிறது. தூக்கிப் போட மனம் வரவில்லை.

உங்களை நான் மன்னிக்கவேண்டும், நீங்கள் என்னை மன்னிக்கவேண்டும் என்றெல்லாம் எழுத எனக்கு வராது. வரட்டுமா என்றும் கேட்கமாட்டேன். வராதே என்று சொன்னீர்கள், வரமாட்டேன். அவனுக்கு இதெல்லாம் தெரியவேண்டுமா, வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்கு ஒன்றே ஒன்றுதான். எட்டு மணிக்கு அவன் ஆச்சு என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

சின்னவள்


மே 18, சனி

சின்னவளுக்கு,

முதலில் ஸ்கேன். புதன்கிழமை திரும்பக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பை காலியாக இருக்கிறது. கட்டி கரைந்துவிட்டது. டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் பார்த்தேன். நடுக்கம் நிற்கவில்லை, அது இருக்கத்தான் செய்யுமாம். அதனால் மாத்திரை உயிர் உள்ளவரைக்கும். இனி ரத்தப் பரிசோதனை ஒரே கிழமையில் வேண்டாம், மாற்றி மாற்றிச் செய்யலாம் என்று நானே கேட்டேன். சரி என்றார்.

உன் பன்னிரண்டு நிமிடத்தையும் அவரிடம் சொன்னேன். பையிலிருந்து கட்டி கிளம்பியது அதற்கு முன்பே. பன்னிரண்டு நிமிடம் முன்னால் வந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கலாம், இருக்காமலும் போயிருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார். சுற்றி வளைக்காமல் உனக்கு அப்படியே எழுதுகிறேன். உன்னிடம் பொய் சொன்னவர்கள் போதும்.

இப்போது நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் மெஷினை மூடிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். உன் கடிதங்களை எடுத்து முதலில் இருந்து படித்துக் காட்டினேன். நான் எழுதியவற்றையும் ஞாபகம் இருந்தவரை சொன்னேன். பட்டன் டப்பாவைத் திறந்து அட்டைகளைக் காட்டினேன். உன் தாளை மடியில் வைத்தேன். இடது கையால் அந்தக் கட்டங்களைத் தடவிக்கொண்டிருந்தார். நீ சண்டை போட்டு ஸ்பேனர் பையை வாங்கியது வந்தபோது சிரித்தார், கோணல் சிரிப்பு. முதல் வெள்ளிக்கிழமை வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார்.

எல்லாவற்றையும் படித்து முடித்தபின் சொன்னேன். "உங்களுக்கு எங்க ரெண்டு பேர் மேலயும் பயம். அது எங்க தப்பு. இனிமே நீங்க என்ன சொன்னாலும் நான் யாரையும் ஒண்ணும் சொல்லமாட்டேன்." அவர் ஆச்சு என்றுகூடச் சொல்லவில்லை.

எட்டு மணி ஆனது. தண்ணீரும் மாத்திரையும் எடுத்து வந்தேன். தினமும் கேட்பதுபோலத்தான் கேட்டேன், அது ஒரு பழக்கம், பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. "மாத்திரை போட்டாச்சா?"

அவர் வாயைத் திறந்தார். அந்தப் பழைய வார்த்தை வரப் பார்த்தது. 'ஆ' என்று ஆரம்பித்து நிறுத்தினார். தலையை ஆட்டினார். கழுத்து நரம்பு புடைத்தது. வேண்டாம், சிரமப்படாதீர்கள் என்று சொல்லப்போனேன்.

"இல்ல" என்றார்.

சின்னவளே, நாலு மாதத்தில் அவர் சொன்ன இரண்டாவது வார்த்தை அது. டம்ளர் சாய்ந்து தண்ணீர் அவர் சட்டையெல்லாம் சிந்தியது. திரும்பக் கேட்டேன், திரும்ப "இல்ல" என்றார். மாத்திரையைக் கொடுத்தேன். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினார், நான் கேட்காமலே. அவர் முன்னால் அழக்கூடாது என்று இருந்தவள், அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்த யூனிபார்ம் சட்டை இன்னும் உன்னிடம் இருந்தால் எடுத்து வா. வேறு எவனோ தைத்த கையோடு நீ கூண்டில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை, பிரித்துச் சரியாகத் தைத்துத் தருகிறேன். மிச்சமிருக்கிற அந்தப் பாதி அட்டையையும் கொண்டு வா. மாத்திரை இனி ஒரே டப்பாவில் இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை நான் கேட்டுவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீதான் கேட்கவேண்டும். எட்டு மணிக்கு முன்னால் வந்துவிடு.

உன் அண்ணி